குப்பை வண்டிக்கு ஓடாத தெரு

சுவாங் யூலான் பேருந்து ஓட்டுகிறவள். எங்கள் கீலுங் துறைமுகத்திலிருந்து மலைமேல் ஏறுகிற பேருந்து. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவே ஒன்றரை வண்டி அகலத்துக்குப் பாதை, வருடத்தில் முந்நூறு நாள் மழை. பதினோரு வருடமாக அதில்தான் ஓட்டுகிறாள். எதிரே லாரி வந்தால் பின்னுக்கு எடுப்பது லாரிக்காரன்தான், அவள் இல்லை. ஜன்னலைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பாள். அவனுக்கு அது போதும்.

விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்றுகூட மதியம் வண்டி எடுக்கப் போய்விட்டாள். தைச்சுங்குக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி அவள் வாயிலிருந்து நான் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அக்கா, இனிமே அரிசி பாதி போட்டாப் போதும்." அவ்வளவு நெஞ்சழுத்தக்காரி.

நான் மெய்ஜூ. அவள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெண்களுக்குத் தலை அலசி, வெட்டி, சுருட்டிவிடும் சின்ன பார்லர் நடத்துகிறேன். என் தலைக்கு நேர் மேலே அவள் வீடு. அவள் என்ன சமைக்கிறாள் என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். என்னை ஊர்வம்புக்காரி என்பவர்கள் உண்டு. இருக்கட்டும், வம்பு இல்லாமல் பார்லர் நடக்காது.

அந்த வருடம் ஐந்தாம் மாதம் யூலான் நாய்க் காப்பகத்துக்குப் போய், ஆறு மாதக் கறுப்புக் குட்டி ஒன்றைச் சீருடைக் கோட்டுக்குள் வைத்து மூடிக் கொண்டு வந்தாள். மலையடிவாரத்தில் தாயோடு திரிந்ததை வலை வீசிப் பிடித்தார்களாம். தாய் தப்பிவிட்டது, இது மாட்டிக்கொண்டது. அதற்கு மாந்தோ என்று பெயர் வைத்தாள். மாந்தோ என்றால் ஆவியில் வேகவைத்த வெள்ளை வெளேரென்ற பன்.

எதிர்க் கடையில் மீன் உருண்டை விற்கும் ஆதெங் விடுவானா? "என்னம்மா, அடுப்பை அணைக்க மறந்துட்டியா? மாந்தோ கருகிப் போச்சே!" என்றான்.

"உன் மீன் உருண்டையவிட இது வெள்ளைதான், போய் வேலையப் பாரு" என்றபடி யூலான் மாடி ஏறினாள்.

ஏறிப் போன நாய் இறங்கவே இல்லை. வீட்டுக்குள் அது தங்கம். அவள் காலடியிலேயே கிடக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும், ஒரு செருப்பைக்கூடக் கடிக்கவில்லை. ஆனால் தெருக்கதவைத் திறந்தால் மட்டும் நான்கு காலும் தரையில் ஒட்டிக்கொள்ளும். தூக்கி வந்து கடை முன் தாழ்வாரத்தில் விட்டால், ஈரத்துணியைப் போட்டதுபோல் அப்படியே படுத்துவிடும். அடுத்த கணம் படிகளில் நகம் பிராண்டும் சத்தம்தான் கேட்கும். மலைப்பாதையில் லாரியைப் பின்வாங்க வைக்கிறவளின் நாய்க்கு ஒரு வாசற்படியைத் தாண்டத் துணிவில்லை. தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் துண்டுகள் நனையும் வரைதான் சிரித்தேன். வெளியே போகாத நாய் எங்கே போகும்? பின்பக்கத்துப் பால்கனியில் போயிற்று. அதற்கு நேர் கீழே, சந்தில், நான் தினமும் நாற்பது துண்டு காயப்போடுகிறேன். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருத்தி தலை துவட்டிய துண்டை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். மாடிக்குப் போய் யூலானிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் ஆத்திரக்காரி. நேரே வீட்டுச் சொந்தக்காரர் யென்னுக்குப் போன் போட்டேன்.

யென் சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வெய்யிலிலும் குடை, மழையிலும் பாலிஷ் போட்ட ஷூ. மறுநாளே வந்து நின்றார்.

"இந்தாம்மா, வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போற நாய் எனக்கு வேணாம். வெளிய கூட்டிட்டுப் போ. ரோட்டுல போயிட்டு வரட்டும், அப்புறம் நூறு நாய் வேணாலும் வெச்சுக்கோ. முடியாதுன்னா எங்கருந்து கொண்டு வந்தியோ அங்கயே விட்டுடு."

"எப்போ சார்?"

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நாளைக்கு ஏழாம் மாசம் பொறக்குது. அந்த மாசத்துல ஒரு வீட்ட விட்டு யாரையும் அனுப்பக் கூடாது, நாயா இருந்தாலும் சரி. எட்டாம் மாசம் மொத நாள் சாயங்காலம் வர்றேன்."

எங்கள் சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் கீழுலகத்தின் வாசல் திறக்கும். அங்கிருந்து வருகிறவர்களை நாங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. நல்ல அண்ணன்மார் என்போம். அவர்கள் திரும்பிப் போய் வாசல் சாத்தும்வரை கல்யாணமும் இல்லை, வீடு மாற்றுவதும் இல்லை. அந்த நம்பிக்கையால் மாந்தோவுக்கு ஒரு மாதம் கிடைத்தது.

யூலான் பால்கனியை அடைத்து, குளியலறையில் செய்தித்தாள் விரித்தாள். என் துண்டுகள் தப்பின. அன்று மாலை என்னிடம், "பயந்து போய் ரெண்டாம் தடவ திரும்பி வர்ற நாய யாரும் எடுக்க மாட்டாங்க அக்கா. அங்க கூண்டுலயே கிடந்து கிழமாயிடும்" என்றாள். போன் போட்டது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது என நினைத்துக்கொண்டு, ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டினேன். வெட்கங்கெட்டவள் நான்.

முதல் வாரம் அவள் கெஞ்சினாள், தூக்கினாள், கோழி ஈரலை வேகவைத்துக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மாலை ஆறரை மணிவாக்கில்தான் ரொம்ப மோசம். மாந்தோ படிகளின் உச்சியில் நின்று, கீழே தெருக்கதவையே பார்த்து உறுமும், உடம்பு வெடவெடவென்று நடுங்கும். கதவருகில் ஒரு ஈ காக்கை இருக்காது.

எங்களுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. நாய்க்கண்ணுக்கு எல்லாம் தெரியும். மாதமோ ஏழாம் மாதம். நேரமோ அந்தி. வாசலில் அண்ணன்மார் நிற்கிறார்கள்! இதை முதலில் சொன்னவள் நான், பெருமையாக வேறு சொன்னேன். மறுநாளே அவள் வாசலுக்கு எதிரே மேசை போட்டேன். பிஸ்கட், நூடுல்ஸ் பாக்கெட், அன்னாசி, பீர் எல்லாம் பரப்பி ஊதுபத்தி செருகினேன். அண்ணன்மார் செலவுக்கென்று தகரப் பீப்பாயில் காகிதப் பொன்னைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தினேன். ஆதெங் தன் பங்குக்குச் சரவெடி கொளுத்தினான்.

நல்லது செய்யப் போய் வினையாயிற்று. மாந்தோ துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் புகுந்தது, இரண்டு நாள் வெளியே வரவில்லை. யூலான் தரையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி நீட்டிச் சோறு ஊட்டினாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் ஒரு நாள் கடைக்குள் வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது. "அக்கா, நேத்து சாயங்காலம் அவன் நடுங்கல. அஞ்சு படி இறங்கி வந்து மோந்து பார்த்தான். போன ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான் நடுங்காம இருந்தான்."

"நேத்து புதன்கிழமையாச்சே. அண்ணன்மாருக்குப் புதனும் ஞாயிறும் லீவா?" என்றேன்.

மீன் உருண்டைச் சூப்பைக் கொடுக்க வந்த ஆதெங் வாய்விட்டுச் சிரித்தான். "இந்த ஊர்ல புதனும் ஞாயிறும் லீவு விடறது ஒரே ஆபீஸ்தான் அக்கா. குப்பை வண்டி!"

நான் சிரித்தேன். யூலான் சிரிக்கவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

எங்கள் ஊரில் குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாது. மாலை ஆறு நாற்பதுக்கு மஞ்சள் வண்டி பியானோ மெட்டை இசைத்துக்கொண்டு வரும். நாமே மூட்டையைக் கொண்டுபோய் அதில் எறிய வேண்டும். எண்ணி மூன்று நிமிடம் நிற்கும். மெட்டுக் கேட்டதும் தெரு முழுக்க என்ன நடக்கும் தெரியுமா? அடுப்பில் வைத்தது வைத்தபடி, தலையில் நுரையோடு, ஒரு காலில் செருப்போடு, எல்லோரும் ஓடுவோம். "ஐயோ வந்துட்டான்! நில்லுப்பா! நில்லு!" என்று கத்திக்கொண்டு ஓடுவோம். யூலான் ஷிப்ட் முடிந்து வந்ததும் வராததுமாய் இரண்டு மூட்டையைப் பிடித்துக்கொண்டு படிகளில் தடதடவென்று உருண்டு போவாள். அவளைப்போல் ஓடுகிறவர் இந்தத் தெருவில் இல்லை.

"அவன் மாடிப்படியில நின்னு தினமும் என்ன பார்த்திருக்கான் அக்கா? ஏதோ ஒரு சத்தம் வருது, நம்ம காதுல விழறதுக்கு முன்னாடியே அவன் காதுல விழுந்துடுது. வந்ததும் நான் அலறி அடிச்சுட்டு ஓடறேன். ஊரே ஓடுது. வெளிய என்னமோ பயங்கரமா இருக்கு, யூலானே பயப்படறாளேன்னு நினைச்சிருக்கான். வலையில மாட்டின பயம் போதாதுன்னு நான் வேற தினமும் பயத்தச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

சாவுலகத்திலிருந்து யாரும் வரவேண்டியிருக்கவில்லை. அந்த நாயைப் பயமுறுத்தியது நாங்கள்தான். ஏழாம் மாதத்தில் பன்னிரண்டு நாள் அதற்குள் ஓடிப்போயிருந்தது.

"இன்னிலருந்து உன் குப்பைய நான் போடறேன்" என்றேன். "நீ ஓடாத."

அன்று முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவள் தெருக்கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, சீருடையோடு கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்வாள். கையில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கயிற்றைப் பிடித்து இழுப்பதில்லை, கூப்பிடுவதில்லை. வண்டி வரும், போகும். அவள் அசையமாட்டாள்.

"சும்மா உக்காந்திருந்தா வருமா?" என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாப்புல நான் என்ன பண்றேன்? கதவத் திறந்துட்டு உக்காந்திருக்கேன். ஏறறவங்க ஏறட்டும். யாரையாச்சும் கையப் புடிச்சு இழுத்து ஏத்தியிருக்கேனா?"

இன்னொன்றும் செய்தாள். மாந்தோவுக்குச் சோறு வைக்கும்போதெல்லாம் குப்பை வண்டி மெட்டை முணுமுணுத்தாள். அவள் குரல் கர்ண கடூரம். பழக்க தோஷத்தில் பேருந்திலும் முணுமுணுத்திருக்கிறாள். ஒரு பள்ளி ஆசிரியர் கை கூப்பினாராம்: "டிரைவரம்மா, தயவு செஞ்சு அத நிறுத்துங்க. குப்பைய வீட்டுலயே விட்டுட்டு வந்த மாதிரி பதறுது!"

தெருவை நான் பார்த்துக்கொண்டேன். வண்டி வருவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வெளியே வந்து நிற்க வேண்டும், ஓடக் கூடாது, கத்தக் கூடாது என்று ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் வாங்கினேன். தலை என் கையில், அலசும் தொட்டிக்குள் இருக்கும்போது யார் மாட்டேன் என்பார்கள்? மனைவிமார் ஒப்புக்கொண்டால் கணவன்மார் ஒப்புக்கொண்ட மாதிரிதான். ஆதெங்கை மட்டும் தனியாக மிரட்ட வேண்டியிருந்தது.

முதல் நாள் முப்பது பேர் மழையில் குடை பிடித்து, ஆளுக்கொரு மூட்டையோடு வாய் திறவாமல் நின்றோம். குப்பை வண்டி ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினார். "என்னக்கா, யாராச்சும் போயிட்டாங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரும் போகல. ஒரு நாய் வெளிய வரணும்" என்றேன். மனிதர் வண்டி நகரும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது சரிதான். மாந்தோ முதலில் பாதிப் படிவரை வந்தது. பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. ஒரு நாள் அவள் தோளுக்கு மேலாக மூக்கை நீட்டி மழையை முகர்ந்தது. மாதத்தின் பதினெட்டாம் நாள் முன்னங்கால் இரண்டையும் வாசற்படிக்கு வெளியே வைத்தது. அன்று நான் வாடிக்கையாளர் காதோரம் ஒரு கொத்து முடியைக் கூடுதலாக வெட்டிவிட்டேன்.

இருபத்திரண்டாம் நாள் காற்றில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து, அது இன்னொன்றைச் சாய்த்து, வரிசையாக ஏழு ஸ்கூட்டர்கள் மடமடவென்று விழுந்தன. தாழ்வாரத்தில் நின்றிருந்த மாந்தோ கயிற்றை உருவிக்கொண்டு மாடிக்கு ஓடியது. மறுபடி துணி துவைக்கும் இயந்திரம். மூன்று நாள்.

அந்த மூன்றாம் நாள் யூலான் தலை அலசிக்கொள்ள வந்தாள். தொட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். நெற்றியில் தண்ணீர் விடும்போதுதான் பார்த்தேன், அழுகிறாள். விவாகரத்தன்று அழாதவள்.

"மலையில பஸ்ஸ ஏத்தத் தெரியுது. ஒரு உசிர ஒரு வாசப்படி தாண்ட வைக்கத் தெரியல அக்கா."

"யூலான், யென் சாருக்குப் போன் பண்ணது நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "துண்டு உங்களுதுதானே. கொஞ்சம் சூடா ஊத்துங்க, தண்ணி ஆறிப்போச்சு."

அவ்வளவுதான். நான் சூடாக ஊற்றினேன். அன்று அவளுக்கு இரண்டு தடவை அலசிவிட்டேன்.

மறுநாள் அவள் மீண்டும் கடைசிப் படியில் உட்கார்ந்தாள், முதல் நாளிலிருந்து தொடங்குகிறவள்போல். ஆனால் நாய் முதல் நாளிலிருந்து தொடங்கவில்லை. ஒரே மாலையில் அவள் முதுகுவரை வந்துவிட்டது. இரண்டு நாளில் தாழ்வாரம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, வண்டி வராத மாலையில், சாலையோர விளக்குக் கம்பம்வரை போய் முகர்ந்துவிட்டுத் திரும்பியது. ஒரு குறைதான். எவ்வளவு நேரமானாலும் அடக்கிக்கொண்டு, மாடி ஏறிக் குளியலறையில்தான் ஒன்றுக்குப் போயிற்று. யென் கேட்டது நாய் நடக்க வேண்டும் என்பதை அல்ல.

எட்டாம் மாதம் பிறந்தது. செவ்வாய்க்கிழமை, வண்டி வரும் நாள். காலையில் குளியலறைச் செய்தித்தாளை யூலான் எடுத்துவிட்டாள். "மத்தியானத்துலருந்து அடக்கிட்டிருக்கான்" என்றாள் என்னிடம்.

ஆறரைக்கு யென் வந்தார். குடை, பளபளக்கும் ஷூ. தாழ்வாரத்துத் தூணோரம் நின்றார். முப்பது பேர் மூட்டையோடு வரிசையாக நிற்பதைப் பார்த்து, "இங்க என்ன ஊர்வலமா?" என்றார்.

"கொஞ்சம் பேசாம நில்லுங்க சார்" என்றேன். வாடகைக்கு இருக்கிறவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் பேசாமல் நின்றார்.

தூரத்தில் மெட்டுக் கேட்டது. படியில் நகச் சத்தம். முதலில் யூலான் வந்தாள், ஒரு கையில் அவளுடைய குப்பை மூட்டை, மறு கையில் தொளதொளவென்ற கயிறு, வாயில் அந்த அபஸ்வர மெட்டு. பின்னாலேயே மாந்தோ. வாசற்படியில் நின்றது. நான் மூச்சு விடவில்லை. வண்டி முனையில் திரும்பி, மஞ்சள் விளக்குச் சுழல, எங்களை நோக்கி வந்தது. மாந்தோ அவளை ஏறிட்டுப் பார்த்தது. அவள் ஓடவில்லை. அது படியைத் தாண்டியது.

தாழ்வாரம் கடந்து தூறலுக்குள் இறங்கியது. விளக்குக் கம்பத்தை முகர்ந்தது. சுற்றி வந்து மறுபடி முகர்ந்தது. வண்டி வந்து நின்று, பின்பக்கம் கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. மாந்தோவின் காதுகள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பின. பிறகு, அதுவரை ஒருநாளும் செய்யாததாக, ஒரு பின்னங்காலைத் தள்ளாடித் தள்ளாடித் தூக்கியது.

மத்தியானத்திலிருந்து அடக்கியது. முடியவே இல்லை. முப்பது பேரும் திருவிழா பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றோம். குப்பை வண்டிக்காரர்களும் இறங்கி வந்து பார்த்தார்கள். கடைசியில் யென் தொண்டையைச் செருமினார்.

"நூறு நாய்னு சொன்னது பேச்சுக்குத்தான்" என்றார். "இந்த ஒண்ணு மட்டும் போதும்மா."

யூலான் தலையாட்டினாள். கைதட்டினால் நாய் மிரளுமே என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். அப்போது வண்டி ஹாரன் அடித்துவிட்டு நகர்ந்தது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு எங்கள் கைகளைப் பார்த்தோம். முப்பது பேர் கையிலும் மூட்டை அப்படியே இருந்தது. ஒருவரும் போடவில்லை.

"நாளைக்குப் புதன்கிழமை!" என்று அலறினான் ஆதெங். "ரெண்டு மூட்டை மீன் குடல்! நில்லுப்பா! ஐயோ நில்லு!" என்று பாய்ந்தான்.

மூன்று வாரச் சத்தியம் காற்றில் போயிற்று. நான் ஓடினேன். பின்னால் தெருவே ஓடியது, குடைகள் பறந்தன, யார் யாரோ கத்தினார்கள். யென் என் இரண்டாவது மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு பளபளக்கும் ஷூவோடு தண்ணீரில் சளப் சளப் என்று ஓடினார். பத்தடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது, ஐயோ, மாந்தோ! எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று திரும்பிப் பார்த்தேன்.

கறுப்பாக ஒன்று என் காலோரம் சீறிக்கொண்டு போயிற்று. காது விடைத்து, வால் நட்டமாக நிற்க, வாய் அகலத் திறந்திருந்தது. ஆதெங்கை முந்தியது, யென்னை முந்தியது, வண்டியை நோக்கி எல்லோருக்கும் முன்னால் ஓடியது. விறைத்த கயிற்றின் மறுமுனையில் யூலான், தொப்பி எங்கோ விழ, குப்பை மூட்டை ஆட, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் என்னைக் கடந்து போனாள்.

"அக்கா! இழுக்கறான் அக்கா! அவன் என்னை இழுத்துட்டுப் போறான்!"